சுவரோர மேசை

நுழையும்முன்

திரைப்படத்தில் நாயகனும் நாயகியும் ஒளிவட்டத்தில் நிற்கிறார்கள். அவர்களைச் சுற்றியுள்ள உலகை உண்மையென நம்பவைப்பவர்கள் குணச்சித்திர நடிகர்கள். சிறிய பாத்திரங்களில் பெரிய மனிதர்களைப் படைத்த ஒரு கலைஞருக்குத் திரை தந்த இடத்தையும் சமூகம் மறுத்த இடத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

விருது இரவு

1940ஆம் ஆண்டு பிப்ரவரி 29. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள அம்பாசடர் விடுதியின் 'கோக்கனட் குரோவ்' என்னும் விருந்து மண்டபத்தில் பன்னிரண்டாவது ஆஸ்கர் விருது விழா நடைபெற்றது. அவ்வாண்டின் பெரும் வெற்றிப்படமான 'கான் வித் த விண்ட்' படக்குழுவினர் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்குடன் அமர்ந்திருந்தனர். அப்படத்தின் முதன்மையான பாத்திரங்களுள் ஒன்றை ஏற்று நடித்த ஒருவர் மட்டும் அவர்களோடு இல்லை. மண்டபத்தின் சுவரோரமாகப் போடப்பட்டிருந்த ஒரு சிறு மேசையில், தம்முடன் வந்திருந்த நண்பரோடும் முகவரோடும் அவர் அமர்ந்திருந்தார். அவர் கூந்தலில் கார்டினியா மலர்கள் சூடப்பட்டிருந்தன.

அவர் ஹாட்டி மெக்டேனியல். கறுப்பினத்தவரை விருந்தினராக ஏற்கும் வழக்கம் அந்த விடுதிக்கு இல்லை. செல்ஸ்னிக் தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொண்ட பின்னரே அவருக்கு அன்று அனுமதி கிடைத்தது. சிறந்த துணை நடிகைக்கான விருதுக்கு உரியவராக அவரது பெயர் அறிவிக்கப்பட்டபோது மண்டபம் கைதட்டி ஆரவாரித்தது. ஹாட்டி எழுந்து மேடைக்குச் சென்றார். தம் இனத்திற்கும் திரைத்துறைக்கும் என்றும் பெருமை சேர்ப்பவராக இருக்க விரும்புவதாகக் கூறி, கண்கலங்கியபடி உரையை முடித்தார். ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் என்னும் வரலாறு அந்த நிமிடத்தில் பிறந்தது. விருது அவருடையதாயிற்று, ஆனால், அவருக்கென ஒதுக்கப்பட்ட மேசை இடம் மாறவில்லை.

மேடைக்கும் சுவரோர மேசைக்கும் இடைப்பட்ட அந்தத் தொலைவே ஹாட்டி மெக்டேனியலின் வாழ்க்கை.

குணச்சித்திர நடிப்பு

குணச்சித்திர நடிகருக்குத் திரையில் கிடைக்கும் நேரம் சிறிது. கதை அவரைச் சுற்றி நகர்வதில்லை. அவர் யார், எங்கிருந்து வந்தார், என்ன இழந்தார் என்பவற்றை விளக்கக் காட்சிகளும் இரா. ஒரு கதவைத் திறக்கும் விதத்திலும், ஒரு தட்டை மேசைமீது வைக்கும் விதத்திலும், ஒரு சொல்லுக்கு முன்னர் விடும் மூச்சிலும் ஒரு முழு வாழ்க்கையை அவர் உணர்த்த வேண்டும். அதனாலேயே இவ்வகை நடிப்பு அரிய கலையாக மதிக்கப்படுகிறது.

1930களிலும் 1940களிலும் ஹாலிவுட்டின் பெரிய படநிறுவனங்கள் நடிகர்களை ஒப்பந்த அடிப்படையில் வைத்திருந்தன. நீதிபதி, மருத்துவர், கடைக்காரர், காவலர், திருடர், பாதிரியார் எனப் பற்பல வேடங்களில் ஒரே முகங்கள் படத்துக்குப் படம் தோன்றின. அவர்களின் உழைப்பை ஏற்கும் வகையில், 1936ஆம் ஆண்டுத் திரைப்படங்களிலிருந்து துணை நடிகருக்கும் துணை நடிகைக்கும் தனி ஆஸ்கர் விருதுகள் வழங்கப்படலாயின. தொடக்க ஆண்டுகளில் அவர்களுக்கு முழு உருவச் சிலை தரப்படவில்லை. சிறிய பட்டயமே தரப்பட்டது. ஹாட்டி பெற்றதும் அத்தகைய பட்டயமே.

வெள்ளையரான குணச்சித்திர நடிகருக்கு வேடங்களின் வரிசை நீண்டிருந்தது. கறுப்பினக் கலைஞருக்கோ அவ்வரிசை பணிப்பெண், சமையற்காரர், சுமைதூக்குபவர், வண்டியோட்டி என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதலைத் திரையில் காட்டக்கூடாது என அக்காலத் திரைப்படத் தணிக்கை நெறிமுறை தடைவிதித்திருந்தது. தென் மாநிலத் திரையரங்க உரிமையாளர்களின் வெறுப்புக்கு ஆளாக நேரும் என்னும் அச்சமும் படநிறுவனங்களுக்கு இருந்தது. எனவே, ஹாட்டியின் திறமைக்கு ஹாலிவுட் ஒதுக்கிய அறை சமையலறையாக இருந்தது.

விடுதலை பெற்றவரின் மகள்

ஹாட்டி 1893ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிடா நகரில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பதின்மூன்று குழந்தைகளில் இவரே கடைசிக் குழந்தை. தந்தை ஹென்றி மெக்டேனியல் அடிமையாகப் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்கு எதிரான ஒன்றியப் படையின் கறுப்பினப் படைப்பிரிவில் சேர்ந்து போரிட்டார். போரில் பட்ட காயங்கள் அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தின. அதற்குரிய ஓய்வூதியத்தைப் பெறுவதற்கு அவர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. தாய் சூசன் தேவாலயத்தில் பக்திப்பாடல்கள் பாடியவர். நாட்டுக்காகப் போரிட்ட தந்தையின் வறுமையையும் தாயின் பாடலையும் கேட்டுக்கொண்டே ஹாட்டி வளர்ந்தார்.

குடும்பம் பின்னர்க் கொலராடோ மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. டென்வர் நகரப் பள்ளியில் படிக்கும்போது, 1910ஆம் ஆண்டில், மதுவிலக்கை வலியுறுத்திய மகளிர் அமைப்பு ஒன்று நடத்திய கவிதை ஒப்புவித்தல் போட்டியில் ஹாட்டி பரிசு பெற்றார். அரங்கத்தின் கைதட்டல் அவரது எதிர்காலத்தை முடிவு செய்தது. பள்ளிப்படிப்பை விட்டு, அண்ணன் ஓடிஸ் நடத்திய கலைக்குழுவில் அவர் இணைந்தார். 1914ஆம் ஆண்டில் தம் அக்கா எட்டாவுடன் சேர்ந்து பெண்கள் மட்டுமே பங்கேற்ற குழு ஒன்றையும் தொடங்கினார்.

அக்காலத்தில் 'மின்ஸ்ட்ரல்' என்னும் மேடைக்கலை அமெரிக்கா முழுவதும் பரவியிருந்தது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் அறிவிலிகளாகவும் சித்திரித்துச் சிரிப்பூட்டியதே அதன் தொடக்கம். பின்னாளில் கறுப்பினக் கலைஞர்களும் அம்மேடையிலேயே தொழில் தேட நேர்ந்தது. பிறர் தம்மைப்பற்றி வரைந்த கேலிச்சித்திரத்தைத் தாமே நடித்துக் காட்டிப் பிழைக்க வேண்டிய கொடுமையான நிலை அது. ஹாட்டி பிற்காலத்தில் திரையில் எதிர்கொண்ட சிக்கலின் வேர் இங்கேயே இருக்கிறது.

1915இல் கணவரையும் 1916இல் அண்ணன் ஓடிஸையும் ஹாட்டி அடுத்தடுத்து இழந்தார். எனினும் மேடையை விடவில்லை. 1920களில் ஜார்ஜ் மாரிசன் என்பவரின் இசைக்குழுவில் பாடினார். டென்வர் வானொலியில் பாடினார். ப்ளூஸ் பாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். அவற்றுள் சில அவரே இயற்றியவை. மேடை வருமானம் போதாத போதெல்லாம் வீட்டுவேலை செய்தார். பின்னாளில் திரையில் அவர் ஏற்ற பணிப்பெண் வேடங்கள் அவருக்கு வெறும் வேடங்கள் அல்ல. அந்த வேலையின் சுமை அவர் கைகளுக்குத் தெரியும்.

கழிப்பறைப் பணியாளரின் பாடல்

1929ஆம் ஆண்டு அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. கலைக்குழுக்கள் கலைந்தன, கலைஞர்கள் தெருவுக்கு வந்தனர். மில்வாக்கி நகருக்கு அருகிலிருந்த ஓர் இரவு விடுதியில் கழிப்பறைப் பணியாளராக ஹாட்டி வேலைக்குச் சேர்ந்தார். அங்கு மேடையேறிப் பாடும் வாய்ப்பு வெள்ளையருக்கே உரியதாக இருந்தது. ஒருநாள் பாடுவதற்கு வேறு ஆளில்லாத நிலையில் ஹாட்டிக்கு அவ்வாய்ப்புக் கிட்டியது. அவர் குரலைக் கேட்ட பின்னர் விடுதியால் அவரை மீண்டும் பழைய வேலைக்கு அனுப்ப முடியவில்லை. அங்கேயே நிலையான பாடகியானார்.

1931ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். அண்ணன் சாமும் அக்காமார் எட்டாவும் ஆர்லீனாவும் முன்னரே அங்கு இருந்தனர். வானொலி நிகழ்ச்சி ஒன்றில் 'ஹை-ஹாட் ஹாட்டி' என்னும் பெயரில் நடித்து நேயர்களின் அன்பைப் பெற்றார். ஆயினும் வானொலி தந்த ஊதியம் வயிற்றுக்குப் போதவில்லை. வானொலியில் புகழ்பெற்ற கலைஞராகவும் பிறர் வீட்டில் வேலைக்காரியாகவும் ஒரே நேரத்தில் அவர் வாழ்ந்தார்.

சமையலறைக்குள் ஒரு கலை

1932ஆம் ஆண்டு முதல் ஹாட்டி திரைப்படங்களில் தோன்றினார். தொடக்கத்தில் கூட்டத்தில் ஒருவராகவும் சேர்ந்திசைப் பாடகியாகவும் வந்துபோனார். பெரும்பாலான படங்களில் அவர் பெயர்கூடத் திரையில் இடம்பெறவில்லை. ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஜட்ஜ் பிரீஸ்ட்' (1934) அவரது பாட்டையும் நடிப்பையும் பலர் அறியச் செய்தது. அதில் அக்காலத்தின் பெரும் நட்சத்திரமான வில் ரோஜர்ஸுடன் அவர் இணைந்து பாடினார்.

அவரது கலைத்திறனை அறிய 'ஆலிஸ் ஆடம்ஸ்' (1935) படத்தின் விருந்துக் காட்சி சிறந்த சான்று. வசதி குறைந்த ஒரு குடும்பம், செல்வந்த இளைஞர் ஒருவரின் மதிப்பைப் பெறுவதற்காக ஒரேயொரு மாலைக்குப் பணிப்பெண்ணை அமர்த்துகிறது. புழுக்கம் மிகுந்த அந்த மாலையில் சூடான உணவுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. வாடகைக்கு வந்த பணிப்பெண்ணாக ஹாட்டி சலிப்புடன் நடந்து வருகிறார். தலையில் அணிவித்த தொப்பி சரிந்துகொண்டே இருக்கிறது. அவர் எதிர்த்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆயினும் அந்த நடையும் பார்வையும் குடும்பத்தாரின் போலிப் பெருமையை முற்றிலுமாக உடைத்துவிடுகின்றன. பணிவிடை செய்பவராக எழுதப்பட்ட பாத்திரம், விருந்துக்கு வந்தவர்களை எடைபோடும் பாத்திரமாக மாறிவிடுகிறது.

'ஷோ போட்' (1936) படத்தில் புகழ்மிக்க பாடகர் பால் ராப்சனுடன் நடித்தார். இவ்வாறு, கதாசிரியர் தந்த சில வரிகளுக்குள் கூர்மையும் நகைச்சுவையும் தன்மதிப்பும் கொண்ட பெண்களை ஹாட்டி உருவாக்கினார். தம் எசமானர்களை நேருக்கு நேர் பார்த்துக் கடிந்து பேசும் பணிப்பெண், அன்றைய பார்வையாளருக்குப் புதியவர். வெள்ளையர் முன் தலை நிமிராத கறுப்பினத்தவரையே திரையில் கண்டு பழகிய தென் மாநிலத்தவர் சிலர் இதை விரும்பவில்லை.

பெயரற்ற பாத்திரம்

மார்கரெட் மிட்செல் எழுதிய 'கான் வித் த விண்ட்' நாவல் 1936இல் வெளிவந்து விற்பனையில் பெரும் புகழ் பெற்றது. அதைப் படமாக்க முனைந்த செல்ஸ்னிக், நாயகியை வளர்த்த செவிலிப்பெண் பாத்திரத்திற்குத் தக்கவரைத் தேடினார். அவ்வேடத்திற்குப் பலர் முயன்றனர். குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் தம் வீட்டுப் பணிப்பெண்ணை அவ்வேடத்திற்குப் பரிந்துரைத்து எழுதினார் என்பது, அந்தப் பாத்திரம் பெற்றிருந்த முக்கியத்துவத்தை உணர்த்தும். ஹாட்டி உண்மையான பணிப்பெண்ணின் உடையணிந்து நடிப்புத் தேர்வுக்குச் சென்று அவ்வேடத்தைப் பெற்றார்.

அப்பாத்திரத்திற்கு இயற்பெயர் இல்லை. அடிமைமுறைக் காலத்தில் வெள்ளையர் குடும்பங்களில் குழந்தைகளை வளர்த்த கறுப்பினப் பெண்களை அழைத்த 'மேமி' என்னும் பொதுச்சொல்லே அவரது பெயர். அவருக்கெனக் கணவரோ பிள்ளைகளோ கதையில் இல்லை. அடிமைமுறையைக் கட்டிக்காக்கப் போரிட்ட தென்னகத்தின் வீழ்ச்சியை ஏக்கத்தோடு பாடும் கதை அது. அடிமைத்தளையை உடைக்கப் போரிட்ட ஒரு வீரரின் மகள், அடிமையாக இருப்பதில் குறையேதும் காணாத பெண்ணாக அதில் நடிக்க வேண்டியிருந்தது. படத்தின் திரைக்கதையில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல் இடம்பெற்றிருந்தது. கறுப்பினச் செய்தித்தாள்களும் உரிமை அமைப்புகளும் எதிர்த்ததன் விளைவாக அச்சொல் நீக்கப்பட்டது.

இந்த எல்லைகளுக்குள் ஹாட்டி செய்தது வியப்புக்குரியது. நாயகி ஸ்கார்லெட் மற்றவர்களை ஏமாற்றலாம்; மேமியை ஏமாற்ற முடியாது. அவள் மனத்தில் ஓடும் சூழ்ச்சி ஒவ்வொன்றையும் மேமி முன்கூட்டியே அறிகிறார். படத்தின் பிற்பகுதியில், குழந்தையை இழந்த வீட்டின் மாடிப்படிகளில் மேமியும் மெலனியும் ஏறிச் செல்லும் காட்சி வருகிறது. குழந்தையின் இறப்புக்குப் பின் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்ட கொடுமையை மேமி அழுதுகொண்டே சொல்கிறார். படிகள் ஏற ஏற அவர் குரல் உடைகிறது, மூச்சு திணறுகிறது. நாயகனும் நாயகியும் அக்காட்சியில் இல்லை. அந்த வீட்டின் பேரிழப்பு முழுவதையும் பார்வையாளர் அவர் முகத்தில் காண்கின்றனர். ஆஸ்கர் விருதுக்கு வழிவகுத்த காட்சியென இதனையே திறனாய்வாளர்கள் சுட்டுவர். அதே படத்தில் நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டும் அவ்விருதுக்குப் போட்டியிட்டார். வென்றவர் ஹாட்டி.

அழைக்கப்படாத விழா

படத்தின் முதல் காட்சி 1939ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பெருவிழாவாக நடந்தது. அம்மாநிலச் சட்டங்கள் பொது இடங்களில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்துவைத்திருந்தன. படத்தில் நடித்த கறுப்பினக் கலைஞர் எவரும் விழாவில் பங்கேற்க இயலவில்லை. ஹாட்டிக்கு அனுமதியில்லை என்பதால் தாமும் வரப்போவதில்லை என நாயகன் கிளார்க் கேபிள் சினந்ததாகவும், ஹாட்டியே அவரை அமைதிப்படுத்தி அனுப்பிவைத்ததாகவும் கூறப்படுகிறது. தாம் நடித்த படம் முதன்முதலில் திரையிடப்பட்ட அரங்கில், பார்வையாளராகக்கூட அவருக்கு இடமில்லாமல் போனது. பதினோரு வாரங்கள் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் கிடைத்த சுவரோர மேசையை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

இருபுறமும் எழுந்த கேள்விகள்

விருது பெற்ற பின்னர் வாய்ப்புகள் விரியும் என ஹாட்டி எதிர்பார்த்தார். மீண்டும் பணிப்பெண் வேடங்களே வந்தன. விதிவிலக்காக, 'இன் திஸ் அவர் லைஃப்' (1942) படத்தில் செய்யாத குற்றத்திற்காகச் சிறைப்படுத்தப்படும் கறுப்பினச் சட்ட மாணவரின் தாயாக நடித்தார். தன் மகன் உண்மையே பேசுகிறான் என அமைதியாக எடுத்துரைக்கும் அக்காட்சியில் சிரிப்பூட்டும் கூறு ஒன்றுமில்லை. வேடம் மதிப்புடையதாக அமையுமானால் அவரால் எந்த உயரத்தைத் தொட முடியும் என்பதை அது காட்டியது.

இக்காலத்தில் எதிர்ப்பு மற்றொரு பக்கத்திலிருந்தும் எழுந்தது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவர்களுள் ஒருவரான வால்டர் ஒயிட், ஹாலிவுட் கறுப்பினத்தவரைப் பணியாளர்களாகவும் கோமாளிகளாகவும் மட்டுமே காட்டுவதைக் கண்டித்தார். இரண்டாம் உலகப்போரில் கறுப்பின வீரர்கள் நாட்டுக்காக உயிர்நீக்கும்போது, திரைப்படம் அவர்களை இழிவாகச் சித்திரிப்பது தகாது என்பது அவர் வாதம். அத்தகைய வேடங்களை ஏற்கும் கலைஞர்களும் இந்த இழிவுக்குத் துணைபோகின்றனர் என்னும் கருத்து வலுத்தது.

ஹாட்டியின் மறுமொழி அவர் வாழ்விலிருந்தே பிறந்தது. பணிப்பெண்ணாக நடித்து வாரத்திற்கு 700 டாலர் பெறுவதா, உண்மையான பணிப்பெண்ணாக இருந்து 7 டாலர் பெறுவதா என்பதே தம்முன் இருந்த தெரிவு என அவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது. தாம் விலகினால் அந்தப் பாத்திரம் மறைந்துவிடாது. அதற்குள் தாம் சேர்க்கும் தன்மதிப்பே மறைந்துவிடும் என்பது அவர் நிலைப்பாடு.

இருவர் வாதத்திலும் உண்மை உண்டு. வால்டர் ஒயிட் ஒரு திரையுருவம் கோடிக்கணக்கானோர் மனத்தில் பதிக்கும் பிம்பத்தை நினைத்துப் பேசினார். ஹாட்டி அந்தத் திரைக்குள் இருந்த ஒரு மனிதரின் வயிற்றையும் கலையையும் நினைத்துப் பேசினார். அறையின் அளவை முடிவு செய்தவர்கள் படநிறுவனங்களின் உரிமையாளர்களே. கேள்விகளோ, அந்த அறைக்குள் நின்றவரை நோக்கியே மிகுதியாக வீசப்பட்டன.

வீட்டுக்கான வழக்கு

திரையில் பிறர் வீட்டைக் காத்த ஹாட்டி, வாழ்வில் தம் வீட்டைக் காக்க நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் 'சுகர் ஹில்' எனப்பட்ட குடியிருப்பில் அவர் பெரிய வீடு ஒன்றை வாங்கினார். கறுப்பினத் தொழில்முனைவோரும் கலைஞர்களும் அங்குக் குடியேறினர். அப்பகுதியின் மனைகளை வெள்ளையரல்லாதார்க்கு விற்கக்கூடாது என்னும் பழைய ஒப்பந்தத்தைக் காட்டி, வெள்ளையர் சிலர் அவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர்.

ஹாட்டி தம் வீட்டிலேயே அண்டைவீட்டாரைக் கூட்டிப் பேசி, எதிர்வழக்காட அவர்களைத் திரட்டினார். வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். 1945ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்க அரசமைப்பின் பதினான்காவது திருத்தம் உறுதியளிக்கும் சம உரிமையைச் சுட்டிக்காட்டி நீதிபதி தர்மண்ட் கிளார்க் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1948இல், இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக்கூடாது என அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவ்வழக்கிலும் லோரன் மில்லரின் பங்கு உண்டு. பணிந்துபோகிறவர் எனக் குறைகூறப்பட்ட நடிகை, நாட்டின் குடியிருப்புரிமை வரலாற்றில் இவ்வாறு இடம்பெற்றார்.

குரலை மீட்டவர்

'பியூலா' என்னும் கறுப்பினப் பணிப்பெண் பாத்திரம் அமெரிக்க வானொலியில் பெரும் புகழ் பெற்றிருந்தது. ஆனால், அதற்குக் குரல் கொடுத்தவர் மார்லின் ஹர்ட் என்னும் வெள்ளை ஆண். அவருக்குப் பின் வந்தவரும் வெள்ளை ஆணே. 1947ஆம் ஆண்டு நவம்பரில் அப்பாத்திரத்தை ஹாட்டி ஏற்றார். கறுப்பினப் பெண் ஒருவர் வானொலித் தொடரொன்றின் முதன்மைக் கலைஞரானது அதுவே முதன்முறை.

ஏற்பதற்குமுன் அவர் ஒரு கட்டுப்பாட்டை முன்வைத்தார். கறுப்பினத்தவர் பேச்செனக் கேலிக்காக எழுதப்படும் கொச்சை வழக்கைத் தாம் பேசப்போவதில்லை என்பதே அது. நிறுவனம் அதற்கு உடன்பட்டது. மின்ஸ்ட்ரல் மேடைக் காலந்தொட்டுப் பிறர் கடன்வாங்கிக் கேலிசெய்த ஒரு குரலை, உரியவர் திரும்பப் பெற்றுக்கொண்ட நிகழ்வு அது.

தொலைக்காட்சித் தொடரிலும் அதே பாத்திரத்தை ஏற்றுச் சில பகுதிகளில் நடித்தார். ஆனால், உடல்நலம் குன்றியது. மார்பகப் புற்றுநோயால் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் ஹாட்டி மறைந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவரது இறுதி விருப்பம். அத்தோட்டம் வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்தமையால் அவ்விருப்பம் மறுக்கப்பட்டது. எல்லா இனத்தவர்க்கும் இடமளித்த ரோஸ்டேல் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். இறந்த பின்னும் அவருக்குத் தனி மேசையே கிடைத்தது.

வந்து சேர்ந்த பட்டயம்

தம் ஆஸ்கர் பட்டயத்தை வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்திற்கு உரியதாக்க ஹாட்டி தம் உயிலில் எழுதியிருந்தார். கறுப்பின மக்களின் உயர்கல்வியில் பெரும்பங்காற்றிய அப்பல்கலைக்கழகத்தில் இருந்த பட்டயம் பின்னர்க் காணாமற்போனது. அது எங்குள்ளது என்பது இன்றுவரை அறியப்படவில்லை.

காலம் மெல்லத் திரும்பியது. 1999ஆம் ஆண்டில், அவரை ஏற்க மறுத்த அதே ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு நினைவுக்கல் எழுப்பப்பட்டது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டில் துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்ற மோனிக், கூந்தலில் கார்டினியா மலர்களைச் சூடி மேடையேறி, தாம் தாங்க நேராதபடி யாவற்றையும் தாங்கிக்கொண்டதற்காக ஹாட்டிக்கு நன்றி கூறினார். 2023ஆம் ஆண்டு அக்டோபரில், காணாமற்போன பட்டயத்திற்கு மாற்றாகப் புதிய பட்டயத்தை ஆஸ்கர் கலைக்கழகம் ஹோவர்டு பல்கலைக்கழகத்திடம் வழங்கியது. விருது இரவுக்கும் அந்த நாளுக்கும் இடையே எண்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

குணச்சித்திர நடிகரின் பணி, தமக்கு ஒதுக்கப்பட்ட சிறிய இடத்தை உயிருள்ளதாக்குவது. ஹாட்டி மெக்டேனியல் அப்பணியைத் திரையில் செய்தார். நீதிமன்றத்திலும் வானொலியிலும் அந்த இடத்தின் எல்லையையே சற்றுத் தள்ளிவைத்தார். அவருக்குப் பின்வந்தவர்கள் மண்டபத்தின் நடுவே அமர்ந்திருக்கிறார்கள். அந்த இருக்கைகளுக்குச் செல்லும் வழி ஒரு சுவரோர மேசையிலிருந்து தொடங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

ஹாட்டி மெக்டேனியலுக்குப் பின் நடிப்புக்கான ஆஸ்கர் விருதை வென்ற அடுத்த கறுப்பினக் கலைஞர் சிட்னி பாய்ட்டியே. அவர் அவ்விருதைப் பெற்ற ஆண்டு 1964. நடிப்புக்காக அவ்விருதை வென்ற இரண்டாவது கறுப்பினப் பெண் ஊப்பி கோல்ட்பெர்க் (1991). முதன்மை நடிகைக்கான விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஹாலி பெர்ரி (2002).

கற்பவை கற்றபின்

1. நீங்கள் பார்த்த திரைப்படம் ஒன்றில் சில காட்சிகளில் மட்டுமே தோன்றி மனத்தில் நிலைத்த குணச்சித்திரப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அந்நடிகர் தம் உடல்மொழியாலும் குரலாலும் அப்பாத்திரத்தை உருவாக்கிய விதத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'இழிவான வேடத்தை மறுப்பதா, ஏற்று மாற்றுவதா?' என்னும் தலைப்பில், வால்டர் ஒயிட், ஹாட்டி மெக்டேனியல் ஆகியோரின் கருத்துகளை அடிப்படையாகக்கொண்டு வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வீட்டுப் பணியாளர்கள் சித்திரிக்கப்படும் முறையைக் கூர்ந்து நோக்கி, அதுகுறித்த உங்கள் கருத்துகளைத் தொகுத்து வழங்குக.